ஹிந்துன் மறித்த வாசல்

நாற்பத்து மூன்று வயதில் சண்டை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் ராவா பெலோங் பூச்சந்தை சும்மா இருக்குமா? சம்பங்கிக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒருவர், யாரை அடிக்கப் போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாங்கள் ஒதுங்கிக்கொள்வோமே என்றார். ஹிந்துன் செவ்வந்தித் தண்டுகளை நறுக்கிக்கொண்டே, "இன்னும் முடிவு பண்ணல. எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்றாள். சந்தையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகள் ஸகியாவை பெக்காசியைச் சேர்ந்த பிக்ரிக்குப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வருஷம் மழை ஓய்ந்ததும் கல்யாணம். பெத்தாவிக்காரர்களான எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டுக்குள் நேராகப் புகுந்துவிட முடியாது. பெண் வீட்டு ஆள் ஒருவர் வாசலை மறித்து நிற்பார். முதலில் பாட்டுக்குப் பாட்டு, பிறகு கைக்குக் கை. கடைசியில் பெண் வீட்டு ஆள் விழ வேண்டும், அவர் விழுந்தால்தான் மாப்பிள்ளைக்கு வழி. எந்தப் பிடியில் விழுவது என்பதைக்கூட இரண்டு பக்கமும் முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள். தோற்பதற்கென்றே நிற்கிற சண்டைதான். இருந்தாலும் நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

ஹிந்துனின் கல்யாணத்தில் அப்படி யாரும் நிற்கவில்லை. அவளுடைய அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர். வருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்த இரண்டு பேரும் அதே நாளில் வேறொரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைப் பக்கத்து ஆள் கறுப்புச் சட்டையும் சிவப்புக் கச்சையுமாக வந்து பார்த்தான். எதிரே யாரையும் காணோம். வந்ததற்குக் காற்றில் நாலு வீச்சு வீசிவிட்டு, அசட்டுச் சிரிப்போடு உள்ளே போனான். திரைக்குப் பின்னால் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த ஹிந்துன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுடைய மாமியார் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. சோறு குழைந்தாலும் சரி, குழம்பு உறைத்தாலும் சரி, பேச்சு அங்கேதான் வந்து முடியும்: "உன் வாசல்ல ஒரு நாய்கூட குறுக்க நிக்கல." புருஷன் தங்கமான மனுஷன், ஆனால் பெற்றவளின் வாயை அடைக்கத் தெரியாதவன். மாமியார் போய்ச் சேர்ந்தார். பிறகு காய்ச்சலில் புருஷனும் போய்ச் சேர்ந்தான். அந்த வார்த்தை மட்டும் ஹிந்துனை விட்டுப் போகவில்லை. அது மகளின் காதிலும் விழுந்துவிடக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிக்ரியின் அம்மா ரொக்காயாவைப் பார்த்தபோது பயம் இன்னும் கூடியது. நிச்சயத்துக்கு வந்தவர் அதிகம் பேசவில்லை. ஜன்னல் திரையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார், டீயை ஒரு வாய் குடித்து வைத்தார், புறப்பட்டுப் போய்விட்டார். பேசுகிற மாமியாரைச் சமாளித்துவிடலாம். பேசாத மாமியார் ஒருநாள் வாய் திறந்தால் என்னவெல்லாம் வருமோ, யார் கண்டது?

முறைப்படி வாசலுக்கு ஆள் பிடிக்க வேண்டியவர் அவள் புருஷனின் அண்ணன் ஹாஜி சானிப். அவருக்கு முழங்கால் வலி, பிள்ளைகள் எல்லோரும் அலுவலக நாற்காலிக்குப் பழகியவர்கள். இப்போதெல்லாம் வாசல் மறிக்கக் குழுக்கள் இருக்கின்றன, சொல்லிவிட்டால் பாட்டு, கொட்டு, பட்டாசு எல்லாவற்றோடும் வந்து இறங்குவார்கள் என்றார் அவர். கூலிக்கு வருகிறவன் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் விழுவான் என்று ஹிந்துன் மறுத்துவிட்டாள். பிறகு, தானே நிற்கப் போவதாகச் சொன்னாள். ஹாஜி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"பொம்பள வாசல்ல நின்னா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

"ஆளே நிக்கலன்னா என்ன நெனைப்பாங்கன்னு எனக்குத் தெரியும் ஹாஜி."

ஹாஜி கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற ஸகியாவோ, தன் சிநேகிதிகள் எல்லோரும் வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். எடுக்கட்டும், சேலையை நல்லதாகக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி அம்மா அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். சேலை என்றால் எங்கள் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற பாத்திக் துணி. அதைக் கட்டிக்கொண்டு கால் வீச முடியுமா என்ற யோசனையே அவளுக்கு அப்போது வரவில்லை.

இனி எந்தச் சண்டையைக் கற்றுக்கொள்வது? ராவா பெலோங்கில் பிறந்தவள் இதைக் கேட்பதே வேடிக்கை. சிங்ரிக் சிலாட் என்பது எங்கள் ஊர்க் கைச்சண்டை, தெருப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகுவது. ஹிந்துன் வீட்டிலிருந்து மூன்றாவது சந்தில், மசூதிக்குப் பின்னால் உள்ள மண்தரையில், ஜாயாதி அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்தச் சந்தில் அவளைத் தெரியாதவர் யார்? தெரிந்தவர்கள் முன்னால் தடுமாறி விழுவதைவிட, தெரியாதவர்களிடம் உதை வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி, ஊரைத் தாண்டித் தேடப் புறப்பட்டாள்.

முதலில் பெரிய கடைவளாகத்தின் மாடியில் இருந்த தாய்லாந்துக் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போனாள். குளிர்சாதனம், கண்ணாடிச் சுவர், தொங்கும் மணல்மூட்டை. உடம்பெல்லாம் தசையாக ஒரு பையன் வந்து, எத்தனை கிலோ குறைக்க ஆசை என்று பவ்யமாகக் கேட்டான். "பெக்காசியிலேருந்து ஒருத்தன் வருவான், அவன் கொஞ்சம் கொறஞ்சா போதும்" என்றாள் இவள். மூட்டையைக் குத்திப் பார்க்கச் சொன்னான். குத்தினாள். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். மாமியாரை நினைத்து இன்னும் இரண்டு குத்து விட்டாள். ஆனால் மூலையில் குண்டாக ஒருத்தர் கண்ணாடியைப் பார்த்தபடி தனியாகக் குத்திக்கொண்டிருந்தார். அவரிடம் ஒருவரும் போகவில்லை, பேசவில்லை. ஹிந்துனின் கண் அவர்மேலேயே இருந்தது.

பூ வாங்குகிறவளின் கண் அது. மலையிலிருந்து லாரியில் பூ வந்து இறங்கும்போது கட்டின் மேலே இருப்பதெல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாந்தவன். அடியில் கைவிட்டு, நசுங்கியது எப்படி இருக்கிறது என்று ஹிந்துன் பார்ப்பாள். சண்டைக்கூடத்திலும் எல்லோரும் தங்கள் கெட்டிக்காரர்களைத்தான் காட்டுகிறார்கள். கெட்டிக்காரன் எங்கே போனாலும் கெட்டிக்காரன்தான். மோசமாக ஆடுகிறவனை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதல்லவா தனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் தான் போய் நிற்கப் போவது அவன் பக்கத்தில்தானே என்று அவளுக்குத் தோன்றியது. படித்து வாங்கிய புத்தியில்லை அது. இதைவிடச் சரியாக யோசித்தவர்களை நான் பார்த்ததில்லை.

அடுத்து பள்ளிக்கூட மைதானத்தில் டேக்வாண்டோ. வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற பெல்ட்டு, தலைக்கு மேல் பறக்கும் கால்கள். ஹிந்துனின் கால் பூவாளி உயரத்துக்கு எழும்பும், அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி. இங்கே மோசமாக ஆடுவது யார் என்று மாஸ்டரிடமே கேட்டாள். அவர் முகம் சுருங்கியது. தன்னிடம் அப்படி யாரும் கிடையாது என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்வரிசையில் தண்டனைக்குத் தண்டால் எடுத்த ஒருத்தி நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெத்துக்காங்கான் பக்கம் பெக்சி என்ற வேறொரு வகைச் சிலாட்டைப் பார்த்தபோது மனம் கொஞ்சம் சாய்ந்தது. நரைத்த மீசைக்காரர்கள் ஒருவரையொருவர் இழுத்து அணைத்து முழங்கையால் இடித்தார்கள். அப்படி ஒரு வலு, அப்படி ஒரு மரியாதை. ஆனால் அந்த ஆட்டமே எதிராளியின் மூச்சு படுகிற தூரத்தில் நடப்பது. ஊர் பேர் தெரியாத ஆம்பளையின் வியர்வையை நான் எதற்கு மோந்து பார்க்கணும் என்று சந்தையில் வந்து ஒளிக்காமல் சொன்னாள். எல்லாம் சுற்றிவிட்டு, வேறு வழியில்லாமல், மூன்றாவது சந்துக்குப் போனாள்.

அங்கேயும் அதே கேள்வி. "இங்க ரொம்ப மோசமா ஆடுறது யாரு?"

அத்தனை பேரும் ஒரே திசையில் கை நீட்டினார்கள். அந்தத் திசையில் நின்றவரும் தன் கையைத் தானே தூக்கிக்கொண்டார். அவர் கோசிம், பொரித்த வாழைப்பழம் விற்பவர். வருஷக்கணக்காக வருகிறார், இன்னமும் இடதுகால் வலதுகாலுக்கு இடம்விட மாட்டேன் என்கிறது. அன்றும் ஒற்றைக்காலில் திரும்பும்போது ஜாயாதியின் மேலேயே போய் விழுந்தார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஜாயாதி அவரைத் தூக்கிவிட்டு, முதல் காப்பியை அவர் கையில் கொடுத்து, மறுபடி அதே அசைவை அவரோடு சேர்ந்து ஆடினான். "இங்க சேந்துக்கிறேன்" என்றாள் ஹிந்துன்.

அதில் மிகவும் சந்தோஷப்பட்டவர் கோசிம்தான். கடைசி இடத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவளுக்குப் பிறவித் திறமை இருந்தது என்று யாராவது சொன்னால் ஜாயாதியே சிரிப்பான். வாளி தூக்கித் தூக்கி இடுப்பு உறுதியாக இருந்தது, மற்றதெல்லாம் மரக்கட்டை. சிங்ரிக்கில் குரங்கு மாதிரி ஒற்றைக்காலில் எழும்பி ஒதுங்க வேண்டும். இவள் எழும்பினால் வேலி அதிர்ந்தது. பாத்திக் துணி முதல் வாரமே கிழிந்து, கோசிமின் பழைய கால்சட்டை ஒன்று கைக்கு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்றாள். ஜாயாதி அவளைவிட இளையவன். மண்தரைக்கு வெளியே அவன் தம்பி, உள்ளே கால் வைத்தால் வாத்தியார். அந்தக் கோட்டை அவள் ஒருநாளும் மாற்றிப் போடவில்லை.

நான் அவளை மெச்சுவது இதற்குத்தான். வெட்கத்தை அவள் ஜெயித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். தினமும் வெட்கப்பட்டாள், தினமும் வந்தாள். சந்தையில் வாடிக்கைக்காரர் பேரம் பேசிக்கொண்டிருக்க, ரோஜாக் கட்டுக்குப் பின்னால் ஒற்றைக்காலில் நின்றபடி விலை சொல்வாள். கேலி பேசிய சம்பங்கிக்காரர் ஒருநாள் தானாக வந்து, தோளைத் தளர்த்தி நில் என்று சொல்லிவிட்டுப் போனார். மாதங்கள் போகப் போக வேலி அதிர்வது நின்றது. கோசிம் ஒரு மாலை அவள் ஆட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "எனக்கு மறுபடியும் பழைய உத்தியோகம்தான்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் மாப்பிள்ளை வீட்டு ஆள் மாட் ஜுனி ஒத்திகைக்கு வந்தான். அலமாரி மாதிரி ஆள். அவளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பும்போது அவள் விழ வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று அழகாக விழுந்தாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

கல்யாண நாள். தெரு முனையில் பட்டாசு வெடித்தது, தஃப் கொட்டு நெருங்கி வந்தது. முன்னால் மாட் ஜுனி, பின்னால் குடைக்குக் கீழே பிக்ரி, அவன் பக்கத்தில் முதலை வடிவில் சுட்ட சீர் ரொட்டியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ரொக்காயா. வாசலில் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய முக்காட்டோடு ஹிந்துன் நின்றாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. மாட் ஜுனி பாடினான்:

"ஆத்துல எறங்கிக் கெளுத்தி புடிச்சோம்,
அம்மியில் மெளகா அரைச்சு வச்சோம்;
மூத்தவங்க கூடி முடிவும் எடுத்தோம்,
முன்வாசல் தெறங்க, மாப்ள கொண்டாந்தோம்."

ஹிந்துன் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்:

"மல்லிகக் கூடைய மரத்துல மாட்டிவச்சேன்,
மழைக்கு முன்னால மாலையக் கட்டிவச்சேன்;
அள்ளிட்டுப் போகவா பொண்ண நான் பெத்துவச்சேன்?
ஆளப் பாக்கத்தான் வாசல அடச்சுவச்சேன்."

தெருவே ஆரவாரித்தது. ஆனால் மாட் ஜுனி கும்பிட்டுத் தொடங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, ஈ ஓட்டுவது போல ஒரு கையை வீசினான். பெண்பிள்ளைக்கு இது போதும் என்று நினைத்தான் போல. ஹிந்துனுக்குச் சுருக்கென்றது. இவனுக்கும் தன் கல்யாணத்தன்று காற்றில் வீசியவனுக்கும் என்ன வித்தியாசம்? அவள் ஒற்றைக்காலில் எழும்பி ஒதுங்கி, மறுகாலால் அவன் கணுக்காலைத் தட்டினாள். அலமாரி தரையில் உட்கார்ந்தது.

 மாட் ஜுனி எழுந்தான், கச்சையை இறுக்கினான், இரண்டு கையையும் சேர்த்து முறையாகக் கும்பிட்டான். அவளும் கும்பிட்டாள். அதற்குப் பிறகு நடந்தது சண்டை. அவன் நிஜமாக வந்தான், அவள் நிஜமாக ஒதுங்கினாள். கொட்டுக்காரர்கள் தாளத்தைக் கூட்டினார்கள். வேலியோரம் கோசிம் வாயைப் பிளந்து நின்றார். பேசி வைத்த இடம் வந்தது. அவன் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான். அவள் விழவில்லை. கையை உருவிக்கொண்டு பின்னால் எழும்பி மறுபடி வாசலில் நின்றாள்.

புதுசாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மறுபடி பிடித்தான். மறுபடி உருவிக்கொண்டாள். மூன்றாம் தடவையும் அப்படியே ஆனபோது கைதட்டல் நின்றது, தாளம் தடுமாறியது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர், வாசலிலேயே தடங்கலா என்று முணுமுணுத்தார். ஹாஜி சானிப் வெளிறிப்போனார். மாட் ஜுனி வியர்த்துக் கொட்டும் முகத்தை அவள் பக்கம் சாய்த்தான்.

"அக்கா, இங்கதான் விழணும்."

"தெரியும் தம்பி."

"அப்புறம் என்ன?"

"கால் கேக்க மாட்டேங்குது."

அவளுக்குப் பின்னால் திரைக்கு அந்தப்பக்கம் ஸகியா இருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. இவள் விழுந்தால் வழி திறக்கும், வழி திறந்தால் பிள்ளை போய்விடுவாள். இத்தனை மாதமும் நிற்பதைப் பற்றியே நினைத்திருந்தவள், விழுந்த பிறகு வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அது இப்போதுதான், ஊரே பார்க்க, வாசலில் வைத்து அவளுக்குப் புரிந்தது. கண்ணீர் முகத்தில் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. காவலுக்கு உயர்ந்த கைகள் அப்படியே நின்றன.

ரொக்காயா முதலை ரொட்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஹிந்துன் பல்லைக் கடித்துக்கொண்டாள். மகளைக் காப்பாற்ற வந்து, தானே சம்பந்தியம்மாவின் வாய்க்கு வார்த்தை எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்த அம்மாள் மிக அருகில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"நானும் ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்தவதான். ரெண்டு தடவையும் உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டேன், வாசலப் பாக்க எனக்குத் தைரியம் வரல. நீங்க இவ்வளவு நேரம் நின்னுட்டீங்க. விழுங்க சம்பந்தி. தூக்கிவிட நான் இங்கயே நிக்கிறேன்."

ஹிந்துன் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் கேலி இல்லை. பிறகு தன் வலது மணிக்கட்டைத் தானே மாட் ஜுனியிடம் நீட்டினாள். அவன் அதைப் பிடித்து மெல்லத் திருப்பினான். அவள் விழுந்தாள். ஒத்திகையில் விழுந்த மாதிரி அழகாக இல்லை. பொத்தென்று, முழு உடம்போடு, விம்மிக்கொண்டே விழுந்தாள். தஃப் மறுபடி முழங்கியது.

மாப்பிள்ளை உள்ளே ஓடவில்லை. அம்மா குனிவதைப் பார்த்து அவனும் குனிந்தான். புதுப் பட்டில் மண் ஒட்டுவதைப் பொருட்படுத்தாமல் ரொக்காயா மண்டியிட்டு, ஹிந்துனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். இரண்டு அம்மாக்களுமாக வாசற்படி ஏறினார்கள், பின்னால் மாப்பிள்ளை வந்தான். "வாங்க, உள்ளதான் இருக்கா" என்று சொல்லி, ஹிந்துன் தன் கையாலேயே திரையை விலக்கினாள்.